போன் நம்ம கையில், சாவி யார் கையில்?



போன மாதம் தோவாளைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். பூக்கட்டும் அக்கா ஒருவர் கூட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எல்லோரும் எழும்பின பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

"மேடம், நான் போன்ல வாங்கினது மூவாயிரம் ரூவா. எங்க நாத்தனாருக்கு, மகளுக்க டீச்சருக்கு, பால்காரருக்குக் கூட போன் பண்ணி நான் ஏமாத்துக்காரின்னு சொல்லிட்டானுவ. இவங்க நம்பர் எல்லாம் அவனுவளுக்கு எப்பிடிக் கெடச்சு? நான் ஒருத்தருக்கும் குடுக்கலியே!"

அவரது போனை வாங்கிப் பார்த்தோம். கடன் ஆப்பை இறக்கினபோது, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அமுக்காவிட்டால் ஆப் மேலே நகராது. அவசரத்தில் 'அனுமதி' என்று அமுக்கிவிட்டார். அந்த ஒரு அமுக்கலில் முந்நூறு பேருடைய நம்பரும் போய்விட்டது.

நம் கூட்டமைப்பு ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். அது மேசையை விட்டு நகராது. அதில் சிம் இல்லை, நம் சொந்தக்காரர் நம்பரும் அதில் இருக்காது. வேண்டாத மென்பொருளை அழிக்கலாம், முழுவதையும் துடைத்து வேறு ஒன்று ஏற்றலாம். 2011 முதல் அரசு நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் ஞாபகம் இருக்கும். விண்டோஸோடு, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எது வேண்டுமோ அதைத் திறந்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் சொந்த வீடு மாதிரி. போன், காசு கொடுத்து வாங்கினாலும் வாடகை வீடு மாதிரிதான். கம்பெனி போட்டு அனுப்பிய சில ஆப்களை அழிக்க முடியாது, முடக்கி வைக்கத்தான் முடியும்.

2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, புதிதாக விற்கும் எல்லா போனிலும் 'சஞ்சார் சாத்தி' ஆப் இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. தொலைந்த போனை முடக்க உதவுகிற ஆப்தான் அது, வேண்டுபவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் போனில் எது இருக்க வேண்டும் என்பதை நம்மைக் கேட்காமலே தீர்மானிக்க முடிகிறது, பாருங்கள்.

நியாயத்தையும் சொல்லணும். கம்ப்யூட்டரில் ஒரு கெட்ட மென்பொருள் நுழைந்துவிட்டால் பெரும்பாலும் எதையும் கேட்காமலே நம் கோப்புகளைப் படித்துவிடும். போனில் ஒவ்வொரு ஆப்பும் தனி அறையில் இருக்கிறது, கதவைத் தட்டித்தான் கேட்கும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் கேமரா, மைக், இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று தனித்தனியாக மறுக்க வழி இருக்கிறது. நாம்தான் வாசிக்காமல் திறந்துவிடுகிறோம்.

கடன் ஆப் விஷயத்தில் சட்டம் நம் பக்கம்தான். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2-ல் வெளியிட்ட விதிப்படி கடன் ஆப் எதுவும் நம் தொடர்பு எண்கள், போட்டோக்கள், அழைப்புப் பட்டியல் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் மட்டும், நம் சம்மதத்தோடு, ஆள் சரிபார்ப்புக்காக ஒருமுறை. கடன் தொகை வங்கியோ பதிவுபெற்ற நிதி நிறுவனமோ நேராக நம் கணக்கில் போட வேண்டும். 2025-ல் வந்த புது விதிகளிலும் இது தொடர்கிறது. ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி வலைத்தளத்தில் இருக்கிறது. ஆகவே, கடன் தருகிறேன் என்று வரும் ஆப் உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், அது விதியை மீறுகிற ஆப். அப்போதே விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் போனில் 'செட்டிங்ஸ்' போய் 'பிரைவசி', அதற்குள் 'பெர்மிஷன் மேனேஜர்' திறந்து பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும். தேவையில்லாததை மறுத்துவிடுங்கள். எடுத்துக்கொண்டு போன நம்பர் இதனால் திரும்பி வராது, இனிமேல் போகாது, அவ்வளவுதான். மிரட்டினால், படத்தை மாற்றி அனுப்பினால், வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

அந்த அக்காவோடு உட்கார்ந்து நாமும் 1930-க்குப் பேசினோம். பிறகு கேட்டோம், குழுவில் உள்கடன் கேட்டிருக்கலாமே என்று.

"ரெண்டு தவணை நிக்குது மேடம். எல்லாருக்கும் முன்னால கேக்கதுக்கு வெக்கமாட்டு இருந்து."

இதற்கு எங்களிடம் சட்டென்று பதில் இல்லை. குழுவில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டிருக்க ஒருவருடைய பாக்கியை உரக்க வாசிக்கிற பழக்கம் நம் பல குழுக்களில் இருக்கிறது. வரும் மாதக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் எல்லோரும் போனைத் திறந்து அனுமதிகளைப் பாருங்கள், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுங்கள். அடுத்த அரைமணி நேரம், அவசரக் கடன் வேண்டியவர் ஊக்குநரிடம் தனியாகச் சொல்ல என்ன வழி செய்யலாம் என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள்.