கம்ப்யூட்டர் பாடம்: கேபினெட்டில் ஒரு பாகம் குறைந்தால்

பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கேபினெட் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே மதர்போர்டைப் பொருத்திக் கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. டெல்லி நேரு பிளேஸ் ஆனாலும் மும்பை லாமிங்டன் ரோடு ஆனாலும், பழைய கேபினெட்டில் சில்லறைப் பாகங்கள் விடுபட்டிருப்பது சகஜம். எது இல்லாமல் வேலையைத் தொடரலாம், எது இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் மதர்போர்டுக்குக் கொடுத்த பணம் வீணாகாது.

முதலாவது, பின்பக்கத் தகடு. இதை ஐ.ஓ. ஷீல்டு என்பார்கள். யு.எஸ்.பி. முதலிய சொருகும் இடங்களைச் சுற்றி அமையும் மெல்லிய தகடு இது. தூசியையும் மின்காந்த இரைச்சலையும் தடுப்பது இதன் வேலை. இது இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும், தொடரலாம். ஆனால் அந்தச் சந்தை அலுமினியத் தாளால் அடைக்கக் கூடாது. தாள் கிழிந்து உள்ளே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

இரண்டாவது, ஸ்டாண்ட்ஆஃப் எனப்படும் குட்டிப் பித்தளைக் கால்கள். இவை போர்டைக் கேபினெட் தகட்டிலிருந்து சுமார் 6 மி.மீ. உயர்த்திப் பிடிக்கின்றன. போர்டின் அடியில் நூற்றுக்கணக்கான ஈயப் பற்றுகள் நீட்டிக் கொண்டிருக்கும். அவை இரும்புத் தகட்டில் பட்டால் கம்ப்யூட்டர் கிளம்பாது. போர்டே கருகவும் கூடும். எனவே கால்கள் அறவே இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அட்டை, தெர்மோகோல் வைத்துச் சமாளிப்பதும் சரியல்ல. போர்டு அசையும், கார்டுகள் பின்பக்கத் துளைக்கு நேராக நிற்காது. சில கேபினெட்டுகளில் தகடே மேடாக அழுத்தப்பட்டுத் திருகுத் துளையுடன் இருக்கும்; அங்கே தனிக் கால் வேண்டாம்.

கால் குறைவதைப் போலவே கூடுவதும் ஆபத்து. இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவில் முழு போர்டு 305 x 244 மி.மீ.; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 x 244 மி.மீ. சிறிய போர்டுக்குத் துளைகள் குறைவு. துளையில்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் செய்யும்.

நான் கையாளும் முறை இது. மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்டின் அளவுக்கு ஒரு காகிதத்தை வெட்டி, திருகுத் துளைகளை அதில் குறித்துக் கொள்வேன். அந்தக் காகிதத்தைக் கேபினெட் தகட்டின் மேல் விரித்தால் கால் எங்கே வேண்டும், எங்கே கழற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு கால் குறைந்தால், மற்றவை உறுதியாக இருக்கும் பட்சத்தில் அந்தத் துளையைத் திருகில்லாமல் விடலாம். ஆனால் ரேம் சொருகும் பக்கத்தில் கால் அவசியம்; அழுத்தும்போது போர்டு வளையக் கூடாது.

கடைக்குப் போகும்போது மிச்சமிருக்கும் கால் ஒன்றையும் திருகு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மரையில் தடித்தது, மெல்லியது என இருவகை உண்டு, மாறினால் இறுகாது. பொருத்தி முடித்ததும் கால்களையும் திருகுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள்.