எழுதுபொறியைப் புதுப்பித்தல்

மாணவர்காள்! கணிப்பொறியில் எழுதவும் கணக்கிடவும் உதவும் மென்பொருள்களுள் லிப்ரே ஆபீஸ் என்பது ஒன்று. ஓப்பன் ஆபீஸினின்றும் 2010ஆம் ஆண்டிற் கிளைத்த இதன் மூலநிரலை யாவரும் காணலாம், திருத்தவும் செய்யலாம். டெபியன் இயங்குதளத்தில் இதனைப் புதுப்பிக்கும் கட்டளைகள் இரண்டு. 'ஆப்ட் அப்டேட்' என்பது புதிய தொகுப்புகளின் பட்டியலைக் கொணர்வதே. மென்பொருளை அது தீண்டாது. 'ஆப்ட் அப்கிரேட்' என்பதே புதியதை நிறுவும். பெயரை நம்பி முதற் கட்டளையோடு நின்று செருக்குற்றவருள் யானும் ஒருவன்.

டெபியனின் நிலைப்பதிப்பில் மென்பொருளின் பதிப்பெண் பெரும்பாலும் ஏறாது; பழம் பதிப்பிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்க்கப்படும். எண் மாறாமை கண்டு ஐயுறற்க. திருத்தம் பெறாத பொறியிலோ, அயலார் விடுத்த கோப்பொன்று ஓட்டைவழியே புகுந்து, பல்லாண்டு எழுதிய உரையையும் அழித்தல் கூடும். யான் என் உரைச்சுவடியைத் தனியே படியெடுத்து, திறந்த கோப்புகளை மூடிய பின்னரே இரண்டாம் கட்டளையை இடுகின்றேன்.