மாற்றுச் சான்றிதழோடு இன்னொரு தாள்

பெரம்பலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. சிறு வயதில் மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரத்தில் சிக்கிவிட்டது. விளையாட்டு வேளையில் அவனை ஸ்கோர் எழுத உட்கார வைத்தேன். விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதை அக்கறை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

குறுவட்டப் போட்டிக்கு மற்ற மாணவர்கள் ஈட்டி எறிந்து பழகிக்கொண்டிருந்தபோது, விழுந்த ஈட்டிகளை எடுத்துவர அவனை அனுப்பினேன். நடந்துதான் கொண்டுவர வேண்டும். அவனோ அங்கிருந்தே ஒன்றைத் திருப்பி எறிந்துவிட்டான். கூப்பிட்டுத் திட்டினேன். ஈட்டியை எதிர்த்திசையில் எறிவதைப் போன்ற ஆபத்து மைதானத்தில் வேறு இல்லை. திட்டி முடித்த பிறகுதான் அது விழுந்த இடத்தைப் பார்த்தேன். ஓட்டமில்லாமல், நின்ற நிலையில் எறிந்த ஈட்டி, எறிகோட்டைத் தாண்டி ஓடுபாதையில் குத்தி நின்றது.

அன்றைக்கே ஸ்கோர் நோட்டை வேறொருவனிடம் கொடுத்தேன். ராஜஸ்தானின் தேவேந்திர ஜஜாரியா சிறுவயதில் மின்சாரம் தாக்கி இடது கையை இழந்தவர்; 2004 ஏதென்ஸிலும் 2016 ரியோவிலும் பாராலிம்பிக் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றவர். ரியோவில் அவர் எறிந்த தூரம் 63.97 மீட்டர். அந்தக் காணொளியை அவனுக்குக் காட்டினேன். ஈட்டியை விடும் நேரத்தில் இடது கையை உடலோடு இழுத்து மடக்குவதால்தான் மார்பு நின்று வலது தோள் முன்னே பாயும். அந்தக் கை குறைவாக இருப்பவருக்கு உடல் இடப்பக்கம் சரியும். அதனால் எறிவதைவிட இடுப்புக்கும் முதுகுக்குமான பயிற்சிதான் எங்களுக்கு அதிகம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கினான். பிளஸ் டூ முடித்தான். அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து அரியலூர் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். "ஈட்டி எப்படிப்பா போகுது?" என்றேன்.

"எறியறதில்ல சார். அங்க யாரும் கேக்கல. நானும் சொல்லல."

அதைவிடச் சங்கடமான விஷயம் பேச்சோடு பேச்சாக வெளிவந்தது. அவனுடைய போட்டிச் சான்றிதழ்களின் அசல் என் அலமாரியில் கிடந்தது. நகல் எடுக்க வாங்கியவன் நான்தான். அவன் கேட்கத் தயங்கியிருக்கிறான்; நான் மறந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவற்றை எடுத்துக்கொண்டு அவனோடு கல்லூரிக்குப் போனேன். உடற்கல்வி இயக்குநர் நல்ல மனிதர். "எனக்கு யாருமே சொல்லலையே சார்" என்றார். உண்மைதான். சேர்க்கைப் படிவத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் டிக் இருந்தது. விளையாட்டு வீரர் என்ற கட்டம் காலி. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று பள்ளியிலிருந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நமக்குத் தெரிந்ததுதான். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடத்தை 32ஆம் பிரிவு ஒதுக்குகிறது. விளையாட்டில் பங்கேற்கும் உரிமையைப் பேசும் 30ஆம் பிரிவை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நான் அந்த வாரம்தான் படித்தேன்.

கல்லூரி வயது வீண் போகக்கூடாத வயது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். சேலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த மறு ஆண்டு, 2016இல், ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தபடியே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டன் எஸ்யு5 பிரிவில் வெள்ளி வென்றார். பதக்கக் கதைகளைச் சொல்லி மாணவர்களை மலைக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. இந்த இரண்டையும் சொல்வது, பள்ளிக்கும் பதக்கத்துக்கும் நடுவே ஒரு கல்லூரி இருப்பதைக் காட்டத்தான்.

நான் தெரியாமல் இருந்த இன்னொன்று வகைப்பாடு. 40 சதவீத ஊனச் சான்று இருந்தால் பாரா போட்டியில் ஆடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நலத்திட்டத்துக்கான சதவீதம் வேறு, விளையாட்டுக்கான வகைப்பாடு வேறு. தடகளத்தில் கால் நீள வேறுபாட்டை வைத்துத் தகுதி பெற, வித்தியாசம் குறைந்தது 7 செ.மீ. இருக்க வேண்டும். செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடமே இல்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி. மதுரை ஜெர்லின் அனிகா தங்கம் வென்றது அதில்தான். உட்கார்ந்து குண்டு எறிபவரின் இருக்கை மெத்தையோடு சேர்த்து 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. முற்றிலும் பார்வையற்ற ஓட்ட வீரர் கண்களை மறைத்துக்கொண்டு, கயிற்றால் இணைந்த வழித்துணை ஓட்டக்காரரோடு ஓடுவார். ஒரு கை எறிபவனான என் மாணவன் எஃப்46 வகைக்குள் வருவான். தவறான பிரிவில் மூன்றாண்டு பழகிவிட்டு, வகைப்பாட்டு மேசையில் தகுதியில்லை என்று கேட்பது மாணவனுக்குப் பெரிய அடி. பள்ளியிலேயே இதைப் பேசிவிடலாம்.

இப்போது மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் அப்படிப்பட்ட மாணவர்களிடம் இன்னொரு தாளும் கொடுக்கிறேன். என்ன விளையாட்டு, எந்த வகை வரக்கூடும், கடைசியாகப் பதிவான தூரம் அல்லது நேரம், எந்தத் தேதியில், பழைய காயம் எங்கே, எந்தப் பயிற்சி ஒத்துவரவில்லை, தனித்துவ அடையாள அட்டை எண், கையில் உள்ள அசல் சான்றிதழ்கள். கீழே என் தொலைபேசி எண். மாணவன் சம்மதித்தால் மட்டும், கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்கு ஒரு போன். சிலர் வேண்டாம் என்பார்கள். அதை மதிக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஸ்கோர் நோட்டு அங்கேதான் முதலில் கைக்கு வருகிறது. காது கேளாத குழந்தைக்கு விசிலோடு ஒரு கொடியையும் அசையுங்கள். பார்வை குறைந்த குழந்தைக்குப் பந்தைப் பாலிதீன் பையில் கட்டி உருட்டுங்கள், சத்தம் கேட்டுப் பிடிக்கும்.

அவன் இப்போது மூன்றாம் ஆண்டு. நான்கு மணிக்கு மேல் பயிற்சி என்றால் ஊருக்குப் போகும் பேருந்து போய்விடுகிறது. அதனால் காலை ஏழரைக்கே கல்லூரி மைதானத்துக்கு வருகிறான். ஈட்டி அறையின் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவைக்க இயக்குநர் ஏற்பாடு செய்திருக்கிறார். போன பருவத்தில் செய்முறைத் தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தன. துறைத் தலைவர் தேர்வை அடுத்த அணிக்கு மாற்றிக்கொடுத்தார். இந்தப் பருவத்துக்கான போட்டித் தேதிகளை அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறான்.