பின்னல் இயந்திர ஊசியும் அதன் முலாமும்

திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் பனியன் தொழிலினின்று பிரித்துப் பேச இயலாது. அத்தொழிலுக்கு ஆதாரமான வட்டப் பின்னல் இயந்திரத்தில் மிகுதியாக உழைப்பது விரல் நீளமே உள்ள ஊசியாகும். 30 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 24 ஊசிகளும் கொண்ட இயந்திரமொன்றில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். அதில் 90 இடங்களில் நூல் ஊட்டப்பெற்று, நிமிடத்திற்கு 25 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். அப்போது ஒவ்வோர் ஊசியும் நிமிடத்திற்கு 2,250 கண்ணிகளைப் பின்னுகின்றது. எட்டு மணி நேரத்தில் இது 10,80,000 ஆகிறது.

இத்தனை முறையும் கொக்கியின் உட்புறத்தில் நூல் உராய்கின்றது. நாக்கு திறந்து மூடுகின்றது. ஊசியின் அடிப்புறத்திலுள்ள மேடு, அதனை ஏற்றி இறக்கும் கேம் மீது மோதுகின்றது. ஒரேயோர் ஊசியின் கொக்கி பழுதுற்றாலும் துணியின் நீளமெங்கும் கோடு விழும். கூலிக்குப் பின்னித் தரும் சிறு கூடத்தார்க்கு அன்றையக் கூலியோடு நூலின் விலையும் நட்டமாகக்கூடும். ஆகவே ஊசியின் ஆயுளைக் கூட்டுவது எவ்வாறு என்பது அவர்களுக்குப் பிழைப்பைப் பற்றிய கேள்வியேயாகும்.

மிருதுவான நூல் எஃகைத் தேய்க்குமோ என ஐயுறலாம். பருத்தி நூலில் தூசியும் மண்துகளும் ஒட்டிவருகின்றன. பளபளப்புக் குறைக்கப்பட்ட பாலியெஸ்டர் இழையில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி கலந்துள்ளது. இது கொக்கியைச் சாணைக்கல் போல் அறுக்கும்.

இதனைத் தடுக்கவே முலாம் பூசப்படுகின்றது. நிக்கல் முலாம் துருவைத் தடுக்கும். தேய்வைத் தடுப்பதில் கடின குரோமிய முலாமே மேலானது. எனினும் முலாம் ஒரு மெல்லிய தோலே. அடியிலுள்ள எஃகு சரிவரக் காய்ச்சித் தோய்த்துப் பதமிடப்படாமலோ, மெருகேற்றப்படாமலோ இருந்தால், அழுத்தம் தாங்காமல் அத்தோல் வெடித்து உதிரும். உதிர்ந்த துகள் மற்ற ஊசிகளையும் கீறும்.

குரோமியத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் கால் பங்கு கூட முலாமாக மாறுவதில்லை. எஞ்சியதிற் பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதிலேயே செலவாகின்றது. அவ்வாயுவில் ஒரு சிறு பகுதி எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றது. அமிலத்தில் கழுவும்போதும் இதுவே நிகழும். வெளிப்பார்வைக்கு மாசற்று விளங்கும் ஊசி, இயந்திரத்தில் மாட்டியபின் திடீரென முறிவது பலமுறை இதனாலேயே. முலாமிட்ட சில மணி நேரத்திற்குள் ஊசிகளை 190 முதல் 220 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அடுப்பிலிட்டு, பல மணி நேரம் வைத்திருந்தால் வாயு வெளியேறும். எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு நீண்ட நேரம் வேண்டும். ஆனால், முன்பு எஃகைப் பதமிட்ட வெப்பத்தை அடுப்பு தாண்டலாகாது. முலாம் பட்டறையில் விலையைக் கேட்குமுன் அடுப்பு உண்டா என்று கேட்பது நலம்.

தேய்ந்த ஊசிகளுக்கு மறுமுலாமிட்டு ஓட்டலாம் என்னும் யோசனையும் எழுவதுண்டு. மின்முலாம் கூர்முனைகளிலும் விளிம்புகளிலும் தடித்தும், குழிவான இடங்களில் மெலிந்தும் படியும் இயல்புடையது. கொக்கியின் உட்குழிவே தேய்ந்த இடம். அங்குதான் முலாம் குறைவாகச் சேரும். முனை தடித்து, நாக்கின் அச்சு இறுகிவிடும். இவ்வகைச் சிக்கனம் செலவிலேயே முடியும். கேம் முதலிய பெரிய உறுப்புகளைத் தேய்த்துச் சீர்படுத்துதல் வேறு. ஊசிக்கு அது பொருந்தாது.

டைட்டானியம் நைட்ரைடு என்னும் பொன்னிறப் பூச்சு குரோமியத்தினும் ஏறக்குறைய இருமடங்கு கடினமானது. ஆயின் அதனை வழக்கமாக 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஏற்றுவதால், சாதாரண உயர்கரி எஃகு பதமிழந்து மிருதுவாகும். பொன்னிறத்தைக் கண்டு மயங்காமல், அடிப்படை எஃகு எதுவென வினவுதல் வேண்டும். வைரத்தையொத்த கரிப்பூச்சை 200 பாகை அளவிலேயே ஏற்ற முடியும். உராய்வும் மிகக் குறைவு. விலை அதிகமாதலால், அதனை மிகவும் தேயும் உறுப்புகளுக்கு மட்டும் கொள்ளலாம்.

குரோமியத் தொட்டியின் கழிவுநீரைப் பற்றியும் ஊரார் அறிந்திருத்தல் வேண்டும். அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பணியாளரின் மூக்கின் நடுத்தட்டைத் துளைக்கவும் செய்யும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட்டு சேர்த்து அதனைத் தீங்கு குறைந்த மூவிணைதிறன் நிலைக்கு மாற்றி, சுண்ணாம்பிட்டு வண்டலாகப் படிவிப்பதே முறை. வண்டலை வாய்க்காலிலோ புறம்போக்கிலோ கொட்டலாகாது. அபாயக் கழிவாகக் கருதி, அதற்கென அமைந்த இடத்திற்கே அனுப்ப வேண்டும். இவ்வசதியில்லாத பட்டறை கிணற்றருகே அமைவதை ஊராட்சி அனுமதிக்கலாகாது.

கூடத்தில் செய்யத்தக்கவை எளியவை. பஞ்சுத் தூசியை ஒவ்வொரு முறை மாறும்போதும் காற்றூதி அகற்றுக. ஊசிக்குரிய எண்ணெயையே இடுக. மழைக்காலத்தில் இயந்திரம் நிற்குமாயின் எண்ணெய்ப் படலம் காயவிடாதீர். முறிந்த ஊசிக்கு ஈடாக, ஏறத்தாழ அதே அளவு ஓடிய ஊசியையே மாட்டுக. தேய்ந்தவற்றின் நடுவே புத்தூசி ஒன்றை இட்டால் அதுவும் துணியில் கோடாகவே தெரியும்.