எக்செல்லில் ஒரு வளைவு கட்டுவோம்

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் தெருவில் இருக்கும் பி.ஆர்க். மாணவி ஒருவர், "அங்கிள், டிஜிட்டல் ஆர்க்கிடெக்சரில் மேற்படிப்பு, ஆராய்ச்சி என்கிறார்களே, அது படம் வரையும் சாப்ட்வேர் படிப்புதானே?" என்று என்னிடம் கேட்டார். இல்லை. கட்டடத்தின் வடிவத்தையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் படிப்பு அது. அதன் முதல் பாடத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம்.

1. எக்செல்லைத் திறந்து ஏ1 செல்லில் -2, ஏ2 செல்லில் -1.5 என டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்து ஏ9 வரை இழுங்கள். 2 வரை எண்கள் வந்துவிடும்.

2. பி1 செல்லில் சமக்குறி போட்டு, சி, ஓ, எஸ், எச் என்ற நான்கு எழுத்துக்களையும், அடைப்புக்குறிக்குள் ஏ1 என்பதையும் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். இதையும் பி9 வரை இழுங்கள்.

3. ஏ1 முதல் பி9 வரை செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் வளைகோடு உள்ள ஸ்கேட்டர் சார்ட்டை க்ளிக் செய்யுங்கள்.

திரையில் தெரிவது, இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் வடிவம். இப்போது பி1 செல்லில் சமக்குறிக்கு அடுத்து ஒரு கழித்தல் குறி சேர்த்து, மறுபடி பி9 வரை இழுங்கள். சங்கிலி கவிழ்ந்து வளைவாகிவிடும்!

தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டுமே உண்டு. கவிழ்த்தால் அழுத்தம் மட்டுமே. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் கம்பி வைக்கிறோம். வடிவம் சரியாக அமைந்தால் கம்பியும் சிமென்ட்டும் மிச்சம். ஸ்பிரிங் விதி தந்த ராபர்ட் ஹூக் 1675லேயே இதைச் சொல்லிவிட்டார். 2021ல் சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகக் குழுவினர் ஜாஹா ஹதீத் நிறுவனத்துடன் சேர்ந்து, 3டி பிரிண்ட் செய்த, உள்ளே கம்பியில்லாத கான்கிரீட் துண்டுகளை வளைவாக அடுக்கி வெனிஸ் நகரில் ஒரு நடைபாலம் அமைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், இங்கே கிண்டியைத் தாண்டி ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில், அதன் முன்னாள் மாணவர்களின் த்வஸ்தா நிறுவனம் 3டி பிரிண்டரில் கட்டிய 600 சதுர அடி வீடு திறக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் போட்டது வளைவின் சொந்த எடைக்கான கணக்கு மட்டுமே. காற்று, பூகம்பம், ஒரே பக்கம் கூடி நிற்கும் கூட்டம் எல்லாம் விசையின் பாதையை மாற்றும். பாரத்தைத் தவறாகக் கொடுத்தால், தவறான விடையையும் கம்ப்யூட்டர் அழகான படமாகவே காட்டும். அந்தக் கூரையின் கீழ் மனிதர்கள் இருப்பார்கள்.

எனவே எம்.ஆர்க். படிக்க நினைப்பவர்களும், சிவில் முடித்து கேட் தேர்வு எழுதி ஸ்ட்ரக்சுரல் எம்.டெக். போகிறவர்களும், சாப்ட்வேர் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் கணிதத்தையும் விசைகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சாப்ட்வேரின் பெயரும் வெர்ஷனும் மாறிக்கொண்டே இருக்கும். சங்கிலியின் கணக்கு மாறாது.