பக்கவாதத்திலிருந்து மீள்பவரின் தன்பராமரிப்பை அளவிடுதல்

உண்ணல், குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல் போன்ற அன்றாடச் செயல்களைப் பிறர் துணையின்றி ஆற்றும் திறனே தன்பராமரிப்பு எனப்படும். மகோனி, பார்தெல் என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகள் 1965இல் வெளியிட்ட பார்தெல் அளவுகோல், அதனைப் பத்துச் செயல்களாகப் பிரித்து 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் 15 புள்ளிகள் வீதமும், குளிப்பதற்கு 5 புள்ளிகளும் அதில் உண்டு.

நோயாளி செய்யக்கூடியதை அன்றி, உண்மையில் செய்வதையே குறிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. அன்பின் மிகுதியால் குடும்பத்தார் ஊட்டிவிடும் வீட்டில் இவ்விதி எளிதில் பிறழும். கைத்தடி பயன்படுத்தினால் புள்ளி குறையாது. அருகில் ஒருவர் நின்று கண்காணிக்க வேண்டியிருந்தால் அது முழுத் தற்சார்பு ஆகாது.

வலக்கை செயலிழந்த தமிழர் இடக்கையால் உண்ணக் கூசி, இயலாதவர்போல் இருந்துவிடுவதும் உண்டு. கரண்டி கொடுத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் நன்று. கைலி கட்டுபவருக்குச் சட்டைப் பொத்தானும், சேலை உடுத்துபவருக்குக் கொசுவமும் தனித்தனிச் சோதனைகள். மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால் படியேறும் திறனும், கிள்ளானின் பழைய வீடுகளில் குந்தியமரும் கழிப்பறையும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டியவை.

இப்புள்ளிகளை வாரம் ஒருமுறை எழுதிவைத்த குறிப்பேட்டை மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவிலோ, 1996இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கத்தின் பெட்டாலிங் ஜெயா மையத்திலோ காட்டி ஆலோசனை பெறலாம்.