எம்டனை வீழ்த்திய தளபதி

“அவன் பெரிய எம்டன்!” சாமர்த்தியமும் துணிச்சலும் கலந்த ஆளைப் பற்றி நம் பாட்டனார் காலத்தில் இப்படிச் சொல்வார்கள். எம்டன் மனிதனல்ல, ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து, ரஷ்யாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தது. அப்போது அந்த ரஷ்யக் கப்பலின் தலைவர் கரையில் இருந்தாராம்!

எம்டனின் பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. அதை வீழ்த்தியவரின் பெயரோ பலருக்குத் தெரியாது. அவர் ஜான் கிளாசப். 1871இல் இங்கிலாந்தில் பிறந்து, பதின்ம வயதிலேயே கடற்படையில் சேர்ந்தவர். 1913 முதல் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பலுக்குத் தலைமை வகித்தார்.

1914 நவம்பர் 9ஆம் நாள், படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குச் சிட்னி காவலாகச் சென்றுகொண்டிருந்தது. கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்திலிருந்து, அந்நியக் கப்பல் ஒன்று வந்துள்ளதாக அவசரச் செய்தி கிடைத்தது. ஏறக்குறைய 50 கடல் மைல் தொலைவை விரைந்து கடந்தார் கிளாசப்.

முதலில் குறிதவறாமல் சுட்டது எம்டன்தான். எதிர்பாராத தொலைவிலிருந்து வந்த குண்டுகள் சிட்னியின் தூரமளக்கும் கருவியைச் சிதைத்தன. ஆனால், சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, வேகமும் அதிகம். இரண்டு மணி நேரத்திற்குள் எம்டன் தீப்பிடித்துப் பவளப் பாறையில் தரைதட்டியது.

கடினமான முடிவு அதன்பிறகே வந்தது. மாலையில் கிளாசப் திரும்பி வந்தபோதும் எம்டனின் கொடி இறங்கவில்லை. சரணடையுமாறு சைகை காட்டியும் தெளிவான பதில் இல்லை. கொடி பறக்கும்வரை அது போரிடும் கப்பல் என்பதே கடற்போரின் வழக்கம். எனினும் எதிரே கிடந்தது அசைய முடியாத கப்பல். அதில் காயமுற்றோர் பலர். கிளாசப் மீண்டும் சுட ஆணையிட்டார். சில நிமிடங்களில் கொடி இறங்கியது. அந்த முடிவு சரியா என்ற கேள்வி பின்னாளிலும் எழுந்தது.

மறுநாள் எம்டனில் எஞ்சியோரை மீட்டுத் தம் கப்பலில் ஏற்றிக்கொண்டார். சிட்னி கொழும்பை நெருங்கியபோது, அங்கிருந்த கப்பல்களுக்கு அவர் ஒரு வேண்டுகோள் அனுப்பினார்: கப்பலில் காயமுற்ற ஜெர்மானியர்கள் படுத்திருக்கிறார்கள், ஆரவாரம் வேண்டாம். வெற்றிபெற்ற கப்பல் அமைதியாகத் துறைமுகத்தினுள் நுழைந்தது.